கேன்டீன் வாசலில் ஒரு டச் ஸ்கிரீன்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். "நீங்க செஞ்ச இன்டராக்ஷன் டிசைன் சோதனைகள்ல எது ஊத்திக்கிச்சு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். தொழிலாளர்கள் குறைகளைப் பதிவு செய்ய ஒரு கியோஸ்க் கேட்டார்கள். டச் ஸ்கிரீன் ஒன்றைக் கேன்டீன் வாசலில் நிறுத்தினோம். தமிழ், இந்தி, ஒடியா மூணும் உண்டு. பெரிய பட்டன்கள், படங்கள், குரல் வழிகாட்டல். டெமோ அன்னைக்கு எல்லோரும் கை தட்டினாங்க. மூணு மாசத்துல வந்த புகார் மொத்தம் 11. அதுல 7 சாம்பாரைப் பத்தி.

கிளவுஸ், எண்ணெய்க் கை, அதனாலதான் தொட மாட்டேங்கறாங்கன்னு நினைச்சு ஸ்கிரீனையே மாத்தினோம். ஒண்ணும் மாறல. அப்புறம் ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு பையன் திரைகிட்ட போனான், திரும்பிப் பார்த்தான், கையை எடுத்துக்கிட்டான். அவனுக்குப் பின்னால் தட்டோடு ஒரு வரிசை. எதிர் மேஜையில் சூப்பர்வைசர்கள். அங்க நின்னு ஒரு ஒப்பந்தத் தொழிலாளி "ஓவர்டைம் காசு வரல"ன்னு அழுத்துவானா? திரைக்குள்ள இருக்கறதை மட்டும்தான் நான் டிசைன் பண்ணியிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் பழைய சோதனைகளை வேற கண்ணோட படிச்சேன். 1999-ல் சுகதா மித்ரா டெல்லி கல்காஜியில், என்ஐஐடி அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு கம்ப்யூட்டரைப் பதித்தார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். என்னைப் பிடிச்சது வேற விஷயம்: பிறகு வைத்த கியோஸ்குகளைப் பிள்ளைகள் உயரத்துக்கு, பெரியவர்கள் எளிதில் எட்டிப் பார்க்க முடியாதபடி அமைத்தார்கள். பக்கத்தில் யார் நிற்கக் கூடாது என்பதையும் யோசிச்சிருக்காங்க. எல்லா இடத்திலும் அது நிலைக்கவில்லை. பாயல் அரோரா உத்தரகாண்டின் அல்மோரா பக்கம் போய்ப் பார்த்தபோது கியோஸ்குகள் கைவிடப்பட்டுக் கிடந்தன.

நம்ம பக்கத்துல நடந்தது இன்னும் எளிமையானது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மீனவர்களுக்குத் தேவை அலை உயரம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தத் தகவலை எடுத்தார்கள். மீனவரைக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார வைக்கல. ஒலிபெருக்கியில சொன்னாங்க. வலை பின்னிக்கிட்டே கேட்டுக்கலாம்.

ஒலிபெருக்கியெல்லாம் இன்டராக்ஷன் டிசைனா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார்: சுனாமி வருது, ஓடுங்க. அங்கே இருந்த அறிவு மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறியது. வீடுகள் போச்சு, உயிர்கள் தப்பின. அந்த நேரத்துல மெனுவில் மொழி தேர்வு செய்யச் சொல்லியிருந்தா?

தொழிற்சாலைக்கு ஒலிபெருக்கி ஆகாது. அங்க தேவை நேர் எதிர்: யாரும் பார்க்காத இடம். கியோஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு மிஸ்டு கால் நம்பர் கொடுத்தோம். ரூம்ல இருந்து கூப்பிடலாம். திரும்ப அழைப்பு வரும். எந்த மொழியிலும் பேசி வைக்கலாம். நம்பர் தொழிற்சாலைக்குப் போகாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்க எனக்கு ஆறு வாரம் ஆச்சு. டிசைன் வேலை முழுக்க அந்த ஆறு வாரம்தான்னு சொல்வேன்.

முதல் பதிவு ராத்திரி 11 மணிக்கு மேல் வந்தது. ஒடியாவில், ரொம்ப மெதுவான குரல். பிரஸ் மெஷின் ஒன்றின் சேஃப்டி சென்சாரை யாரோ டேப் ஒட்டி மறைத்திருக்கிறார்கள் என்று சொன்னது. அந்த மெஷின் கியோஸ்கிலிருந்து நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தது.