சின்ன நாட்டிலே பெரிய பந்தயம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்திலே படிக்கிறவன், இலக்கியம் பேசுவான் என்று நம்பி வந்திருப்பவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் பேச வந்தது ஓட்டப்பந்தயத்தைப் பற்றி.

தெற்காசிய விளையாட்டு விழா முதன்முதலாக 1984ஆம் ஆண்டு நேபாளத்தின் தலைநகராகிய காத்மண்டுவில் நடந்தது. ஏழு நாடுகள் கலந்துகொண்டன. இந்த ஏழு நாடுகளின் தலைவர்கள் டாக்காவில் கூடி ‘சார்க்’ அமைப்பை நிறுவியதோ 1985 டிசெம்பரில். தலைவர்கள் கைகுலுக்குவதற்கு ஓராண்டுக்கு முன்னரே ஓட்டக்காரர்கள் கைகுலுக்கிவிட்டார்கள்!

ஒலிம்பிக் விழாவை நடத்த நம்மைப் போன்ற நாட்டுக்கு வசதியேது? இந்த விழா நம் அளவுக்கு ஏற்றது. 1991 டிசெம்பரில் கொழும்பு இதனை ஏற்று நடத்தியது. சுகததாச விளையாட்டரங்கிலே கூட்டம் நிறைந்தது. இந்தியா 64 தங்கப் பதக்கங்கள் பெற, இலங்கை 44 பெற்று இரண்டாம் இடத்தில் நின்றது. சொந்த மண், சொந்தச் சனத்தின் ஆரவாரம் என்பது ஒன்று. விருந்து வைக்கிற வீட்டார் தம் பிள்ளைகளின் இலையை மறப்பதில்லை என்பது இன்னொன்று. நேபாளத்தைப் பாருங்கள்: 2016இல் இந்தியாவிலே 3 தங்கம், 2019இல் தன் வீட்டிலே 51!

இரண்டாம் முறை கொழும்பில் நடந்தது 2006 ஓகஸ்டில். அது பொல்லாத மாதம். யுத்தம் மீண்டும் மூண்டிருந்தது. ஓகஸ்ட் 14ஆம் திகதி கொழும்பிலேயே குண்டு வெடித்து உயிர்கள் போயின. கிரிக்கெட் ஆட வந்திருந்த தென்னாபிரிக்க அணியினர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். நான்கு நாள் கழித்து விளையாட்டு விழா தொடங்கியது. எட்டு நாடுகளும் வந்தன. வடக்கும் கிழக்கும் எரிகையில் கொழும்பிலே கொண்டாட்டமா என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும், வந்தவர்களை நான் மெச்சுகிறேன்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாட்டின் சட்டையை அணிந்து ஓட வேண்டுமானால் முதலில் ஒரு நாடு வேண்டும். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்று இலங்கைக்குப் பெருமை தேடித் தந்தார். அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து நம் பாட்டன்மாரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே, யாழ்ப்பாணத்து மிஷன் கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, அவ்விழாவில் இலங்கையின் முதல் தங்கத்தை வென்றார். தமிழர் என்ற வகையில் நாம் பூரிக்கிறோம். ஆனால் அந்த நாளில் நமுனுகுலத் தோட்டமொன்றிலே அவரைவிட உயரமாகப் பாயும் பையன் ஒருவன் இருந்திருந்தாலும், கையிலே குடியுரிமைப் பத்திரமில்லாத அவன் எந்த நாட்டின் பெயரால் பாய்ந்திருப்பான்? 1988இல் ஒரு சட்டம், 2003இல் மற்றொரு சட்டம். அவற்றின் பின்னரே அந்தக் கணக்குத் தீர்ந்தது. 1991இல் சுகததாச அரங்கம் ஆர்ப்பரித்தபோதும் நம்மவரில் ஒரு பகுதியினர் வெளியாட்களே.

இன்று பத்திரம் இருக்கிறது, மைதானம்தான் இல்லை. பிரட்டுக்களத்திலே ஓடிப் பழகுகிறோம். பந்து சற்று எகிறினால் கீழ்மலைத் தேயிலைக்குள் போய்விடுகிறது. அதைத் தேடி எடுக்கிறவனுக்கே அன்றைய பயிற்சி முழுதும் கிடைக்கிறது!

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் உண்மை உண்டு. நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீற்றர். கென்யாவும் எதியோப்பியாவும் நெடுந்தூர ஓட்டக்காரரை வளர்ப்பதும் இத்தகைய உயரங்களிலேதான். காற்று மெலிந்த இடத்தில் வாழ்கிற உடம்பு இரத்தத்திலே சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு இரும்புச் சத்து வேண்டும். இரத்தச்சோகையோடு கூடை சுமக்கும் தாயும், தேநீரும் ரொட்டியுமாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அந்தச் சத்துக்கு எங்கே போவார்கள்? ஆகவே, மலை இருந்தால் போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

பாடசாலைப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறுகின்றன. நம் பிள்ளைகள் திறமைக் குறைவினால் மட்டும் நின்றுவிடுவதில்லை. பதுளைக்குப் போய்வரும் பஸ் காசும், ஒரு சோடிச் சப்பாத்தும், அன்றைக்குப் பிள்ளையோடு போகிறவரின் ஒரு நாட் சம்பளமும் குறுக்கே நிற்கின்றன.

எனவே நம் சங்கத்தின்முன் இரண்டு யோசனைகளை வைக்கிறேன். வருடாந்த விளையாட்டு விழாவிலே முதலாவது, இரண்டாவது என்று பரிசு கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், நேரத்தையும் தூரத்தையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கொப்பி சொல்லும். இரண்டாவது, வலயப் போட்டியைத் தாண்டுகிற எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும், எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும், போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். பொருளாளர் என்னை முறைத்துப் பார்ப்பது தெரிகிறது. இவ்வாண்டுக் கலை விழாவுக்கு ஒலிபெருக்கியும் பந்தலும் பிடித்த செலவைக் கொஞ்சம் சுருக்கினால் தொகை தேறும் என்பது என் கணக்கு. செயற்குழு கூடும்போது இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன்.