பக்கத்து வயல்காரருக்காகப் பேசுவது



ஊருக்கு ஊர் ஒருத்தர் இருப்பார். கடைமடைக்குத் தண்ணி வரலேன்னா அவரைத்தான் தேடுவாங்க. பட்டா மாறுதல் இழுத்தடிக்குதா, செத்துப்போன மாட்டுக்கு இன்சூரன்ஸ் வரலையா, அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவாங்க. இரண்டு வருஷம் ஓடியாடிச் செய்வார். மூணாவது வருஷம், “நமக்கென்ன வந்தது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார். அந்த மூணாவது வருஷத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில், அடுத்தவருக்காகப் பேசணும் என்கிற வேகம் எங்கேயிருந்து வருது? கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் என்ற தம்பதியைப் பாருங்கள். கிருஷ்ணம்மாள் 1926-இல் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். தாயார் நிறைமாதத்திலும் பாடுபட்டதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். ஜெகந்நாதனோ வசதியான வீட்டுப் பிள்ளை. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு 1930-இல் கல்லூரிப் படிப்பை விட்டு வந்தவர். அந்தம்மா பட்டுத் தெரிந்துகொண்டார், அய்யா பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆகவே, “நான் நிலம் உள்ளவன், கூலிக்காரர் கஷ்டத்தைப் பேச எனக்கென்ன தகுதி” என்று யாரும் தயங்க வேண்டாம். பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்கிற பொறுமை இருந்தால் போதும். அந்தப் பொறுமைதான் நம்மிடம் குறைச்சல்!

1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கூலி உயர்வு கேட்ட தகராறு அது. செய்தி கேட்டுப் பதறியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். இந்தத் தம்பதி அந்தப் பக்கத்துக்கே வந்து தங்கி வேலை செய்தார்கள். 1981-இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுகிறவருக்கு நிலம் வேண்டும் என்பது அதன் நோக்கம். நிலக்காரரிடம் பேசி, கட்டுப்படியான விலைக்கு நிலத்தைக் கேட்டு, கடனுக்கும் அரசு உதவிக்கும் அலைந்து, நிலமில்லாத குடும்பத்துப் பெண்கள் பேரில் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். 1968 எங்கே, 1981 எங்கே! வெறும் ஆத்திரம் என்றால் அத்தனை வருஷம் தாங்கியிருக்குமா? இன்னார் வீட்டுக்கு இத்தனை குழி நிலம், இன்ன தேதியில் பதிவு என்று கையில் வேலை இருந்தது. ஒரு பத்திரம் முடிந்தால் அடுத்த குடும்பம் காத்திருந்தது.

ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்கள் நிற்கவில்லை. கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, வயலில் உப்பு ஏறி, குடிதண்ணீர் கெட்டபோது, ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி இருக்கும். 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குட்டைகள் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்தலாம் என்று வழி திறந்துவிட்டது. கையில் வந்தது நழுவினால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். மூணாவது வருஷத்தில் நம்மவர் ஒதுங்குவதும் இப்படி ஒரு அடிக்குப் பிறகுதான்.

சரி, நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம். ஒரே சமயத்தில் பத்துப் பேர் மனுவைத் தூக்கிச் சுமக்காதீர்கள். ஒரு குத்தகைதாரர் விவகாரமா, அதை முடியும்வரை பிடியுங்கள். சர்வே நம்பர், மனு கொடுத்த தேதி, ரசீது நம்பர், அலுவலர் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். பதிலே வரலையா? 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளைக்குள் பதில் தந்தாக வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது.

முக்கியமாக, சம்பந்தப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாதாந்தர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் அவரே நாலு வார்த்தை பேசட்டும். திக்கினால் பரவாயில்லை, விட்டுப்போனதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். அவர் வாயை நீங்களே அடைத்துவிட்டு, பிறகு “எல்லாம் என் தலையில் விழுது” என்று சலித்துக்கொண்டால் அது யார் குற்றம்? அடுத்த தடவை அவர் இன்னொருவருக்கு மனு எழுதத் துணைக்குப் போவார். பாரம் அப்படித்தான் குறையும்.

பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு இரண்டையும் சங்கத்திலோ ஊர்ப் பொதுவிலோ கணக்கெழுதி வாங்கிக்கொள்வது தப்பில்லை. அதற்கு மேல் ஒரு காசு வாங்கினால் ஊர் உங்களைப் புரோக்கர் என்றுதான் சொல்லும். அதேபோல் நடவு, அறுப்பு நாட்களில் தாலுகா ஆபீசை மறந்துவிட்டு உங்கள் வயலைப் பாருங்கள். சொந்தக் கொல்லையில் களை மண்டினால் வீட்டுக்காரம்மாள் சும்மா இருப்பாரா?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஊரில் யார் வாய் திறக்காமல் பின்னால் நிற்கிறாரோ, அவர் வீட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே ஒரு நடை போய்வாருங்கள்.