பேதி மருந்தும் சிறுநீரகமும்



மலத்தில் இரத்தம் கண்டாலோ, இரத்தசோகைக்குக் காரணம் விளங்காவிட்டாலோ, பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனையை மருத்துவர்கள் எழுதித் தருகின்றனர். அதனை நாம் தள்ளிப்போடலாகாது. ஆனால், அதற்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் பேதி மருந்தைப் பற்றி, நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

சோடியம் பாஸ்பேட் என்னும் பேதி மருந்து அளவில் குறைவு, குடிக்க எளிது. எனினும், உடலில் சேரும் மிகுதியான பாஸ்பேட்டைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். பேதியால் உடல் வற்றியிருக்கும் வேளையில், அது கால்சியத்தோடு கூடிச் சிறுநீரக நுண்குழாய்களில் படிந்துவிடக்கூடும். இம்மருந்தினால் இவ்வாறு பாதிக்கப்பட்ட 21 பேரைப் பற்றி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் எழுதினர். அவர்களில் 4 பேருக்கு நிரந்தர டயாலிசிஸ் தேவைப்பட்டது; ஏனைய 17 பேருக்கும் சிறுநீரகக் குறைபாடு நீடித்தது. 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்மருந்து குறித்துக் கடும் எச்சரிக்கை விடுத்தது. மக்னீசியம் கலந்த பேதி மருந்துகளும் சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தோருக்கு ஆகா. வெளியேற வழியின்றி மக்னீசியம் இரத்தத்தில் தேங்கிவிடும்.

இத்தகையோருக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொடி. உப்புகள் சமன் செய்யப்பட்டுள்ள அது, உடலில் ஏறக்குறைய சேராமல், தான் கரைந்த நீரோடு குடலைக் கழுவி வெளியேறுகிறது. இரண்டு முதல் நான்கு லிட்டர் குடிப்பது சிரமந்தான். ஆகவே, பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வர். சிரமத்திற்கு அஞ்சிப் பாதியில் நிறுத்தினால், குடல் சுத்தமாகாமல் எல்லாவற்றையும் மீண்டும் செய்ய நேரிடும்.

"தெளிந்த பானங்களை அருந்துங்கள்" என்றதும் நம் கை முதலில் இளநீரைத்தான் நாடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். டயாலிசிஸ் செய்துகொள்வோர், எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் கேட்டறிய வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியச் செய்யும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்யலாகாது.

அன்பர்களே! குடல் மருத்துவர் வேறு, சிறுநீரக மருத்துவர் வேறு. ஒருவர் எழுதியதை மற்றவர் பாராதிருக்கலாம். எனவே, கிரியேட்டினின் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டு சென்று, "எனக்குச் சிறுநீரக நோய் உண்டு" என்று மருந்து எழுதும் முன்பே நாம் வாய்திறந்து சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் குடித்து மிஞ்சியதை வாங்கிக் குடிக்க வேண்டாம். பெற்றோருக்காக மருந்துக் கடைக்குச் செல்லும் பிள்ளைகளே, சீட்டில் எழுதிய மருந்து இல்லையென்று கடைக்காரர் வேறொன்றைத் தந்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அந்த ஒரு கேள்வி, உங்கள் தாய் தந்தையரின் சிறுநீரகத்தைக் காக்கக்கூடும்.