ஏரியைக் கேட்க ஆள் வேண்டும்



'நம் ஊர், அன்றும் இன்றும்' என்று இந்த வாசகர் வட்டத்தில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் அன்று எல்லாம் பொன், இன்று எல்லாம் மண் என்று பேசுவது வழக்கம். என்னால் அப்படிப் பேச முடியாது. இன்று சென்னைக்குள் இருக்கும் இந்தக் கொரட்டூர் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த காலத்தில் இங்கே வளர்ந்தவன் நான். அந்த வயலில் நட்டவர்கள் யார், அறுத்தவர்கள் யார், எந்தக் கிணற்றில் அவர்களைத் தண்ணீர் சேந்த விடவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. நான்கே ஆண்டுகளில் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆலைச் சங்கு ஊதினால் களை பறிக்கிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அதுதான் எங்களுக்குக் கடிகாரம். பண்ணை வீட்டு வாசலில் கைகட்டி நின்ற தகப்பனுடைய மகன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு மாதச் சம்பளத்துக்குப் போனான். தொழிற்சங்கத்தில் சேர்ந்து உரிமை பேசினான். அவன் பிள்ளைகள் படித்தார்கள். அதை இழப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் எதைத்தான் இழந்தோம்? ஏரியைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளை இழந்தோம்.

இங்கே இருக்கிற இளைஞர்கள் பலர் மதகைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கரையை ஒட்டி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். நடுவே குறுக்குக் கல். அதில் ஒரு துளை. துளை வழியாக ஒரு நீண்ட கட்டை கீழே இறங்கும். கட்டையின் அடியில் இருக்கும் குமிழ் தூம்பின் கண்ணை அடைத்துக்கொள்ளும். அதைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர், இறக்கினால் நிற்கும். அந்தக் கட்டையைத் தொடுகிற பொறுப்பு நீர்க்கட்டிக்கு. மார்கழிப் பனியில், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டோடு வாய்க்கால் நெடுக நடந்து போவார். மேல்மடைக்காரன் எவ்வளவு பெரிய ஆளானாலும், முறை முடிந்தால் அவன் மடையை அடைத்துவிட்டுத்தான் நகருவார். அறுவடையில் களத்துமேட்டிலேயே அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். ஊருக்கே தண்ணீர் பங்கிட்ட அந்த மனிதர் குடியிருந்தது சேரியில். அந்த அநியாயத்தையும் சேர்த்துத்தான் இந்த மேடையில் சொல்கிறேன்.

நிலம் மனையானது. எல்லைக்கல் நட்டார்கள். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் வந்தன, நகர்கள் வந்தன. வயல் போனதும், ஏரிப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு போனது. ஆயக்கட்டு போனதும் நீர்க்கட்டிக்கு வேலை இல்லை. வரத்துக் கால்வாய் தூர்ந்தாலும், உபரி நீர் வழியும் கலங்கல் அடைபட்டாலும், 'என் பயிர் காய்கிறதே' என்று கரைக்கு ஓடிவர ஒருவரும் இல்லை. ஏரி இருந்தது. ஏரிக்காரர்கள் இல்லாமல் போனார்கள். அந்த இடைவெளியில்தான் சாக்கடை உள்ளே வந்தது.

தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குத்தான் வரும். எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்தையும் கேட்டுக்கொண்டு வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றதைப் பார்த்தோம். வெள்ளம் வந்து ஊருக்குள் புகுந்தது என்கிறோம். ஊர் போய் வாய்க்காலுக்குள் உட்கார்ந்தது என்பதுதான் உண்மை.

பக்கத்தில் இருக்கும் பூவிருந்தவல்லி, வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பிகள் பூந்தோட்டம் வைத்துக் காஞ்சி வரதருக்கு மாலை கொண்டுபோன ஊர். இன்று அங்கே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. நிற்கட்டும், மகிழ்ச்சிதான். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து நடைபாதை போட்டுப் படகும் விட்டிருக்கிறார்கள். மாலையில் குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன. நல்ல காரியம். ஆனால் ஏரியைப் பூங்கா என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கரையை அழகாக்கிவிட்டு வரத்துக் கால்வாயை விட்டுவிட்டால் ஏரி பிழைக்காது.

கொரட்டூரில் சாதாரணக் குடும்பத்து மக்கள் கழிவுநீருக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்களில் பலர் மனை வாங்கிக் குடிவந்தவர்கள். ஏரியில் பாசனம் செய்தவர்கள் இல்லை. எனக்கு நம்பிக்கை கொடுத்தது அதுதான். இந்த ஏரிகளின் புதிய ஆயக்கட்டுதாரர்கள் நீங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் ஊறுவது அந்த ஏரித் தண்ணீர். அதன் கலங்கல் அடைபட்டால் நனைவது உங்கள் வீட்டுக் கட்டில்.

ஆகவே, குடியிருப்போர் நலச் சங்கத்து நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பகுதியின் நில அளவை வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். எது ஓடை, எது வாய்க்கால், எது ஏரிப் புறம்போக்கு என்று அதில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன்பாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வழியே நடந்து பாருங்கள். வயதானவர் ஒருவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே அடைபட்டிருக்கிறதோ அதை எழுதி, பகுதி சபையில் எழுந்து நின்று கேளுங்கள். ஏரிகளைப் பாதுகாக்க, ஆக்கிரமிப்பை அகற்ற 2007 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதைச் செயல்படுத்தச் சொல்லிக் கேட்கிற குரல் இந்த அரங்கிலிருந்து எழட்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள். நானும் உங்களோடு நடக்க வருகிறேன்.