மயக்க டாக்டருக்குத் தனிப் பணமா?

போன மாதம் இரண்டு குழுக்களில் அவசரக் கடன் கேட்டார்கள். இரண்டுமே "மயக்க டாக்டருக்குக் கையில கொடுக்கணும்" என்றுதான். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் நடக்குது, அப்புறம் இது எதுக்கு?

மயக்க ஊசி போட்டதோடு அவர் வேலை முடியாது. முன்னாடியே பரிசோதிக்கணும், ஆபரேஷன் முடியும்வரை மூச்சு, நாடி, பிரஷர் பார்த்துக்கிட்டே இருக்கணும், பத்திரமா கண் முழிக்க வைக்கணும். அதுக்குக் கூலி நியாயம்தான். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு ஆபரேஷனுக்கு ஒப்புதலாகும் தொகையிலேயே மயக்க டாக்டர் பீஸ், மயக்க மருந்து, தியேட்டர், படுக்கை எல்லாம் அடக்கம். ஆஸ்பத்திரிதான் அவருக்குக் கொடுக்கணும், நாம் இல்லை.

சொந்தக் காசில் பார்த்தால் டாக்டர் பீஸும் மருந்தும் பில்லில் தனித்தனியா வரலாம். அது தப்பில்லை. மயக்கம் கொடுத்ததற்கு ஒன்று, கூட இருந்து பார்த்ததற்கு ஒன்று என்று இரண்டு பீஸ் இருந்தால் கேளுங்க. இரண்டும் ஒரே வேலை.

கேட்டால் டாக்டர் கோவிச்சுக்குவாரோ என்ற பயம் எனக்கும் புரியுது. உயிர் அவர் கையில் அல்லவா? அதனால் முதல் நாளே ஆஸ்பத்திரியில் காப்பீட்டு வேலை பார்ப்பவரிடம் கேட்டுடுங்க. கொடுக்கத்தான் வேணும் என்றால் ரசீது வாங்குங்க. அந்த ரசீதோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். கூட்டமைப்பிலிருந்து நாங்களும் வருவோம்.