டேப் தொங்குது தம்பி!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"மறக்க முடியாத கல்லூரி அனுபவம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் ஒரு மூன்று நாள் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெருமைக்காக இல்லை. ஒரு கடன் பாக்கி இருக்கிறது, அதற்காக.

2008ஆம் ஆண்டு. சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் நாலு பேர் இரவு பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களை அளந்து வரைந்து, துறை விழாவில் படமாக வைப்பதாகத் திட்டம். கையில் ஒரு டேப், ஒரு நோட்டு, இரண்டாயிரம் ரூபாய்.

விடியற்காலையில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால், கோபுரத்தையே காணோம்! 2009 ஏப்ரல் 8 குடமுழுக்குக்காகத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சாரம் கட்டி, மேலிருந்து கீழ்வரை கீற்று வேய்ந்திருந்தார்கள். 160 அடிக்கு மேல் உயர்ந்த தெற்குக் கோபுரம், பெரிய வைக்கோல் போர் மாதிரி நிற்கிறது. வந்ததற்கு ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களையாவது எண்ணலாம் என்று போனோம். அங்கேயும் 985தான் என்று சொல்லிவிட்டார்கள்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். பெயர்தான் புது, கட்டியது 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர், வசந்த விழாவுக்காக. நாங்கள் போனபோது உள்ளே முழுக்கக் கடைகள். பாத்திரம், புத்தகம், வளையல், நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள். யாளிக்குப் பக்கத்தில் பாவாடை தொங்கும். நாயக்க மன்னர் சிலைக்கு அடியில் ஒருத்தர் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். கோபுரம் இல்லாவிட்டால் மண்டபம் என்று டேப்பை விரித்தோம்.

இந்தத் தூணில் நான் பிடிக்க, பத்துத் தூண் தள்ளி நண்பன் பிடிக்க, இடையிலிருந்த தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, கடையை அளக்குறீகளா, தூணை அளக்குறீகளா?" என்றார். "தூணைத்தான் பாய்" என்றேன். "அப்படின்னா இழுத்துப் பிடிங்க. டேப் தொங்குது தம்பி, அளவு கூடக் காட்டும்" என்றார்.

இழுத்துப் பிடித்தோம். இரண்டு அங்குலம் குறைந்தது! சர்வே பாடத்தில் தொய்வுத் திருத்தத்துக்குச் சூத்திரம் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன் நான். ஆனால் தொய்வைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

அப்புறம் அந்த இரண்டரை நாளும் அவர் கடைதான் எங்கள் ஆபீஸ். துணி மூட்டைகளை நகர்த்தித் தூணின் அடிப்பகுதியைக் காட்டினார். கிழிந்த என் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடை அவர் கையால் தைப்பது. "அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முந்தின வாரம் எங்களுக்குத் தூக்கமே கிடையாது" என்பார்.

சாப்பாட்டுக்கும் அவர்தான் வழிகாட்டி. ஜிகர்தண்டா குடிக்க விளக்குத்தூண் பக்கம் அனுப்பினார். பாலும் நன்னாரியும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமுமாக அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. "நூலும் பருத்தி, குடிக்கிறதும் பருத்தி. நம்ம பொழப்பே பருத்திதான் தம்பி" என்றார்.

கிளம்பும்போது, "படம் போட்டதும் உங்களுக்கு ஒரு காப்பி அனுப்புறோம் பாய்" என்று நாலு பேரும் சொன்னோம்.

படம் நன்றாக வந்தது. ஆட்டோகேடில் தூண்கள் ஒரு லேயர், கடைகள் ஒரு லேயர். பிரிண்ட் எடுக்கும்போது படம் நெருக்கமாகத் தெரிந்தது. கடை லேயரை அணைத்தேன். மண்டபம் பளிச்சென்று வந்தது. முதல் பரிசும் வந்தது. காப்பி மட்டும் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று பத்து வருடம் போய்விட்டது.

2018 பிப்ரவரி 2 இரவு, கோயிலுக்குள் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. கூரையின் ஒரு பகுதி இடிந்தது. கருங்கல் எரியாது என்று நினைக்கிறோம். ஆனால் அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று விரியும், கல் வெடிக்கும். அதே மண்டபம் இல்லைதான், எதிரேதான் புது மண்டபம். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பின் சில ஆண்டுகளில் புது மண்டபக் கடைகள் பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. பொறியாளனாகச் சொல்கிறேன், கல்லுக்கு அது நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பழைய பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பாய் இருந்தார். கண் சரியில்லை, மிஷினில் மகன் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "டேப் தொங்குது" என்றேன். சிரித்துவிட்டார். படத்தை விரித்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தூண் தூணாக எண்ணிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நம்ம கடை எங்க தம்பி?"

நண்பர்களே, பதில் சொல்ல என்னிடம் வாய் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய சிடியைத் தேடினேன். நல்லவேளை, ஃபைல் திறந்தது. அணைத்த லேயர் அப்படியே இருந்தது: மிஷின், ஸ்டூல், துணி மூட்டை, பாத்திரக்கடை, புத்தகக்கடை எல்லாம் அளவோடு. போட்டேன். இப்போது அந்த மண்டபத்தில் கடைகள் இல்லை, படத்தில் இருக்கின்றன. அந்தப் பிரிண்ட்டைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகன் அதை மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

இன்றைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கோயிலை அளக்கப் போனால் கடைவீதியையும் அளந்து வாருங்கள், அங்கே சாப்பிடுங்கள், உங்களுக்கு வழி சொன்னவர் யாரென்று நோட்டில் எழுதுங்கள். எந்த லேயரையும் அணைக்காதீர்கள். ஆண்டுதோறும் நாலு மாணவர்களின் இப்படியொரு மூன்று நாள் பயணத்துக்கு ஆகும் பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் எங்கள் 2010 பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. நிபந்தனை ஒன்றே: படத்தின் முதல் காப்பி, வழி காட்டியவருக்குப் போய்ச் சேர வேண்டும்.