கொம்பும் வேரும் நரம்பும்: சாமி மக்களின் கைத்தொழில்
(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'சாமி மக்களின் கைத்தொழில்' என்று வெளியே தட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து நம் தோழர்கள் இருவர் வாசலிலேயே சிரித்துவிட்டார்களாம். "படிப்பகத்திற்குள்ளும் சாமி வந்துவிட்டாரா?" என்று கேட்டார்களாம். இந்தச் சாமி கோவில் சாமி அல்ல. ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் ஒரு ஜனத்தின் பெயர் அது. அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். மற்றவர்கள் அவர்களை 'லாப்' என்று அழைத்தார்கள். அது இழிசொல். ஆகையால் நாம் அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகிய நான்கு நாடுகளில் இந்த மக்கள் பரவிக் கிடக்கிறார்கள். எல்லைக் கோடுகள் போடப்படுவதற்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். மொத்தம் சுமார் 80 ஆயிரம் பேர் என்று சொல்லப்படுகிறது. நம் பஞ்சாலை நகரம் ஒன்றின் ஒரு மூலையில் அடங்கிவிடுவார்கள். பனிக்காலத்தில் சில வாரங்கள் சூரியனே தலைகாட்டாத பூமி அது. அங்கே பருத்தி விளையாது, நெல் விளையாது. பிறகு எதை உடுத்தினார்கள்? எதில் உண்டார்கள்? எதைக் கொண்டு தைத்தார்கள்? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

அவர்கள் தங்கள் கைத்தொழிலை 'துவோட்ஜி' என்று சொல்கிறார்கள். கத்தி, கிண்ணம், தொட்டில், செருப்பு, இடுப்பு நாடா எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

ரெயின்டீர் என்கிற பனிமானை எடுத்துக்கொள்ளுங்கள். நம் விவசாயத் தோழர்களுக்கு மாடு எப்படியோ, அவர்களில் மந்தை மேய்ப்பவர்களுக்கு அது அப்படி. (சாமி மக்கள் அனைவரும் மான் மேய்ப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். மேய்ப்பவர்கள் சிறுபான்மைதான். கடலோரத்தில் மீன் பிடித்தவர்களும், சிறு நிலம் வைத்துப் பாடுபட்டவர்களும் ஏராளம்.) மானை அறுத்தால் எதுவும் வீண் போகாது. கறி வயிற்றுக்கு, தோல் உடைக்கு, கொம்பு கத்திப் பிடிக்கும் ஊசிக்கூட்டுக்கும். முதுகுத் தண்டோரமும் காலிலும் ஓடும் தசைநாரை உலர்த்தி, பல்லால் இழை இழையாகப் பிரித்து, கன்னத்தில் வைத்து உருட்டி முறுக்குவார்கள். அதுதான் அவர்களுடைய நூல். கன்னமே ராட்டை! ஸ்பின்னிங்கில் நிற்கும் நம் பெண் தோழர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அந்த நூலால் தைத்த தையல் ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும். துளை அடைபடும். தண்ணீர் உள்ளே புகாது. இதற்குப் பெயர் விஞ்ஞானம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் விஞ்ஞானம்?

செருப்பைப் பாருங்கள். மானின் கால் தோலில் முடி குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆகவே அது செருப்பின் மேற்பாகம். அடிப்பாகத்துக்கு மானின் நெற்றித் தோல். ஏன் நெற்றி? அங்கே முடி ஒரே திசையில் சாய்ந்திருக்காது. எதிரெதிரான திசைகளில் சாய்ந்து நிற்கும் முடி பனிக்கட்டியில் வழுக்காது. முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் கால் மாட்டிக்கொள்ள அந்த வளைவு. உள்ளே காலுறை கிடையாது. சதுப்பு நிலத்துப் புல்லைக் கோடையில் அறுத்து, அடித்து, சீவி மெதுவாக்கி, சுருட்டிக் கட்டி வைத்து, குளிரில் அதையே காலைச் சுற்றி அடைப்பார்கள். ஈரமானால் எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். இந்த அறிவெல்லாம் எந்தக் கல்லூரியிலும் பிறக்கவில்லை. குளிரில் நடந்து பாடுபட்ட கால்களில் பிறந்தது.

தறி வேலைத் தோழர்களுக்கு ஒரு விஷயம். அவர்களுடைய நாடா நெசவில் தறி கிடையாது, ஒரு சிறு பலகைதான். மரத்திலோ கொம்பிலோ செய்த அந்தப் பலகையில் ஒரு துளை, ஒரு நீள வெட்டு, மறுபடி ஒரு துளை, ஒரு வெட்டு என்று மாறி மாறி இருக்கும். பாவு நூல் ஒன்று துளையில், அடுத்தது வெட்டில். பாவின் ஒரு முனை மரத்தில், மறுமுனை நெய்பவளின் இடுப்பில். பலகையைத் தூக்கினால் ஒரு வழி திறக்கும். அழுத்தினால் மறு வழி திறக்கும். ஊடை உள்ளே போகும். நம் ஆலையில் விழுது செய்கிற வேலையை அந்தத் துண்டுக் கொம்பு செய்கிறது. இந்த நாடாதான் இடுப்புக்கும் செருப்புக் கட்டுக்கும். நிறத்தையும் கோலத்தையும் பார்த்தே எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுவார்களாம்.

நார்வேயின் வடக்கே மண்டாலன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கடலோரச் சாமிப் பெண்கள் அங்கே கம்பளி விரிப்பு நெய்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் சட்டம். மேல் கட்டையிலிருந்து பாவு தொங்கும். அடியில் கற்களைக் கட்டி அதை விறைப்பாக்குவார்கள். ஊடையைக் கீழிருந்து மேல்நோக்கி அடிப்பார்கள். ஐரோப்பா முழுவதிலும் ஒரு காலத்தில் இருந்த தறி இது. மற்ற இடங்களில் பெரும்பாலும் மறைந்து போயிற்று. இங்கே பெண்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

பிர்ச் மரத்தில் சில இடங்களில் கழலை போல முடிச்சு புடைத்திருக்கும். நாம் விறகுக்குக்கூட ஒதுக்கும் கட்டை. அதில் இழை நேராக ஓடாமல் சுழன்று கிடப்பதால் எளிதில் பிளக்காது. அதைக் குடைந்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெடிக்காதபடி மெல்ல உலர்த்தி, கிண்ணம் செய்கிறார்கள். அவசரப்பட்டால் விரிசல் விழும். அதே மரத்தின் வேரைத் தோண்டி எடுத்து, பட்டை நீக்கி, பிளந்து, கூடையும் உப்புக் குப்பியும் பின்னுகிறார்கள். வெள்ளீயத்தைக் கொம்புத் தகட்டிலுள்ள துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து, தலைமுடிபோல் மெல்லிய கம்பியாக்கி, நார் நூலின்மேல் சுற்றி, அதைத் தோலில் கோலமாகத் தைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி வேலை என்று நினைப்பீர்கள்.

சரி, இவ்வளவு கெட்டிக்கார ஜனம் எப்படி இருந்திருக்க வேண்டும்? சரித்திரத்தைப் பார்ப்போம்.

1635ல் ஸ்வீடன் அரசு நாசா மலையில் வெள்ளிச் சுரங்கம் தோண்டியது. தாதுவை யார் சுமப்பது? சாமி மக்களின் மான், சாமி மக்கள் செய்த சறுக்கு வண்டி, சாமி மக்களின் உழைப்பு! மறுத்தவர்களைக் கட்டி ஆற்று நீரில் இழுத்து வதைத்தார்கள் என்று சரித்திரம் கூறுகிறது. பலர் ஊரைவிட்டே ஓடினார்கள்.

பாதிரிகளும் வந்தார்கள். சாமி மக்களிடம் மேளம் உண்டு. மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, மரப்பட்டைச் சாற்றால் சூரியன், மான், படகு, மனிதர் என்று உருவம் எழுதியிருப்பார்கள். குறி பார்க்கவும் நோய் தீர்க்கவும் அதை அடித்தார்கள். குறியில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லை என்பது வேறு, வைத்திருப்பவனைக் கொளுத்துவது வேறு. 1693ல் ஸ்வீடனின் ஆர்யெப்லோக் என்ற ஊரில் லார்ஸ் நில்சன் என்ற சாமி மரண தண்டனைக்கு உள்ளாகி, அவருடைய மேளத்தோடும் மரச்சிலைகளோடும் எரிக்கப்பட்டார். வீடு வீடாக மேளங்கள் பறிக்கப்பட்டன. பறித்துக் கோபன்ஹேகனுக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி 1728ஆம் ஆண்டுத் தீயில் சாம்பலாயிற்று. இன்று உலகம் முழுவதிலும் எஞ்சியிருப்பவை எழுபதுக்குச் சற்று ஏறக்குறைய.

பிறகு வந்தது சட்டம். 1898ல் நார்வே சர்க்கார் பள்ளிக்கூடங்களில் சாமி பாஷையை ஒடுக்கி ஓர் உத்தரவு போட்டது. 1902ஆம் ஆண்டு நிலச் சட்டத்தை நம் விவசாயத் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வடக்கே பின்மார்க் பிரதேசத்தில் சர்க்கார் நிலம் வாங்க வேண்டுமானால் நார்வே பாஷை பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், அதையே தினமும் உபயோகிக்கவும் வேண்டும்! தாய்மொழியை விட்டால் நிலம், விடாவிட்டால் வெளியே. ஸ்வீடனிலோ வேறு தந்திரம். மேய்ப்பவர்களின் பிள்ளைகளுக்கென்று 1913ல் தனிப் பள்ளி வைத்தார்கள். நல்ல கட்டிடத்தில் படித்தால் மேய்ச்சலுக்குப் போகமாட்டார்கள் என்று கூடாரத்தில் உட்காரவைத்து அரைகுறைப் படிப்பு. ஒரு நாட்டில் 'நீ மாறு' என்றார்கள். பக்கத்து நாட்டில் 'நீ மாறாதே' என்றார்கள். அவனைக் கேட்டவர் யார்?

1944 அக்டோபர் 25ந் தேதி செஞ்சேனை கிர்க்கனெஸ் நகரை விடுதலை செய்தது. பின்வாங்கிய நாஜிப் படை பின்மார்க்கையும் வட துரும்ஸ் பகுதியையும் கொளுத்திக்கொண்டே போயிற்று. சுமார் 50 ஆயிரம் பேர் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். வீடு எரிந்தது என்றால் என்ன பொருள்? பாட்டியின் வெள்ளிப் பதக்கம், தாத்தா செதுக்கிய தொட்டில், தறிச்சட்டம், மாதிரி பார்த்துத் தைப்பதற்கு வைத்திருந்த பழைய உடுப்பு, எல்லாம் எரிந்தன என்று பொருள்.

நம் மேடையில் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோவியத் பகுதியிலும் சாமி மக்கள் துன்பப்பட்டார்கள். 1937-38ல் 'சாமி சதி' என்று பொய்யாக ஒரு வழக்கு ஜோடித்து அப்பாவிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1960களில் சின்னக் கிராமங்கள் மூடப்பட்டு, மக்கள் லொவோஸெரோ என்ற ஊருக்கு நகர்த்தப்பட்டார்கள். வரோன்யே கிராமம் நீர்மின் தேக்கத்தில் மூழ்கியது. ஏழையின் வீட்டை இடித்தது யார் என்று பார்த்துக் கண்டனத்தின் குரலை மாற்றுவது நமக்கு அழகல்ல.

இத்தனைக்கும் பிறகு கைத்தொழில் எப்படித் தப்பியது? கைகள்தான் தப்பவைத்தன. ஸ்வீடனில் ஆசா கிடோக் என்ற பெண்மணி, மறைந்துகொண்டிருந்த வேர்ப் பின்னலை மீண்டும் கற்றுத் தன் மகளுக்கும் கற்றுத் தந்தார். 1942ல் யொக்மொக் ஊரில் சாமி மக்களுக்கான பள்ளி தோன்றியது. அங்கே இந்தத் தொழிலும் பாடமாயிற்று. அதே ஊரில் 1605 முதல் பனிக்காலச் சந்தை கூடுகிறது. ராஜாவின் ஆட்கள் வரி வசூலிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஏற்படுத்திய சந்தை. இன்று பிப்ரவரி மாதம் அங்கே கைவினைஞர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே விற்கிறார்கள்.

1979ல் ஆல்டா நதியில் அணை கட்டுவதை எதிர்த்துச் சாமி வாலிபர்கள் ஆஸ்லோவில் பார்லிமெண்டின் முன் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 'காக்தி' என்ற தங்கள் உடையை அணிந்து வந்தார்கள். பள்ளியில் எதை அணிந்தால் கேலி செய்தார்களோ அந்த உடை! அணை கட்டப்பட்டது, உண்மைதான். 1987ல் மின் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் 1989ல் நார்வேயில் சாமி மக்களுக்குத் தனிப் பார்லிமெண்டும் பிறந்தது.

இப்போது புதிய ஆபத்து கடைத்தெருவில் இருக்கிறது. பின்லாந்தின் ரோவனியெமிக்கு கிறிஸ்துமஸ் காலத்தில் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களுக்கு விற்க, சாமி உடை போலவே ஒரு போலி உடுப்பு. கிண்ணம் போல ஒரு போலிக் கிண்ணம். எங்கோ தொலைதூர ஆலையில் மலிவாகச் செய்தவை. லாபம் யாருக்கு? வேர் தோண்டியவளுக்கு அல்ல. போலியைச் செய்த ஆலைத் தொழிலாளிக்கும் அல்ல; அவனுக்குக் கிடைப்பது வெறும் கூலி. நாம் அவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நடுவில் நிற்கும் வியாபாரிதான் இரண்டு பக்கமும் தின்கிறான். இதை எதிர்க்க 1982ல் சாமி கவுன்சில் ஒரு முத்திரை ஏற்படுத்தியது. சாமி கைவினைஞர் செய்தது என்று அந்த முத்திரை சாட்சி சொல்லும்.

முன்வரிசையிலிருந்து ஒரு தோழர் கேட்கிறார்: "இயந்திரத்தில் செய்தால் ஒரு நாளில் ஆயிரம் கிண்ணம் வருமே, கையைக் கட்டிக்கொண்டு அழுவது பிற்போக்கு அல்லவா?" நல்ல கேள்வி. நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. சாமி மக்களும் அல்ல. அவர்கள் மோட்டார் சறுக்கு வண்டியில் மந்தையை ஓட்டுகிறார்கள், தையல் இயந்திரத்தில் உடுப்புத் தைக்கிறார்கள். ஆயிரம் கிண்ணம் செய்யட்டும், தவறில்லை. ஆனால் அதன்மேல் 'சாமி' என்று ஏன் பெயர் போட வேண்டும்? அந்தப் பெயருக்குத்தான் விலை இருக்கிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்கள் யார்? அதுதான் வழக்கு.

கடைசியாக ஒரு மேளத்தின் கதை. ஆண்டர்ஸ் பொல்சன் என்ற முதியவரிடமிருந்து 1691ல் பறிக்கப்பட்ட மேளம். 1692ல் நார்வேயின் வாட்ஸோ ஊரில் நீதிபதிகள் முன்னிலையில் அவர் அதன் ஒவ்வொரு உருவத்தையும் விளக்கிச் சொன்னார். பகைவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். ஆகவேதான் இன்று நமக்கு அதன் பொருள் தெரிகிறது. தீர்ப்பு வருமுன்னே காவலில் அவரை வேறொருவன் கொன்றுவிட்டான். மேளம் டென்மார்க் அரசின் கைக்குப் போயிற்று. 1979 முதல் கராஸ்யோக்கிலுள்ள சாமி மியூசியத்தில் அது இருந்தது. ஆனால் எப்படி? இரவலாக! அவர்களுடைய பொருளை அவர்களுக்கே இரவல் கொடுத்திருந்தார்கள். 43 ஆண்டுகள் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022ல் டென்மார்க் அதன் உரிமையையே அவர்களிடம் ஒப்படைத்தது. மேளம் இப்போது கராஸ்யோக்கில் இருக்கிறது.